நான்கு சக்கரமும் சுட்ட நாள்

மண்ணெண்ணெயில் ஊறும் துருவுக்கென்று ஒரு வாடை உண்டு. ஈரமும் கசப்பும் கலந்த அந்த வாடை ஒரு முறை மூக்கில் ஏறிவிட்டால் சாப்பிடும் சோற்றிலும் அதுதான் அடிக்கும், தலைக்கு வைத்துப் படுக்கும் துணியிலும் அதுதான் அடிக்கும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், தை அறுப்பு முடிந்ததிலிருந்து அடுத்த ஆடிக் காற்று கிளம்பும் வரை எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். நெல் அவிக்கிற அண்டாவில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதற்குள் இரும்புச் சாமான்களை முக்கி வைத்திருந்தார் அப்பா. "அண்டாவ நாசம் பண்ணிட்ட. இனிமே இந்த வூட்ல சோறு கெடையாது, இரும்பத் தின்னு" என்று அம்மா அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சொன்னாள்.

அந்தச் சாமான்கள் ஒரு பட்டாளத்து ஜீப்பினுடையவை. பட்டாளம் பல காலம் ஓட்டிக் கழித்து, ஏலத்தில் யாரோ எடுத்து, கை மாறிக் கை மாறிக் கடைசியில் சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம் செடி முளைத்துக் கிடந்த வண்டி. அப்பாவைவிட அதற்கு வயது அதிகம். உழவு மாட்டை விற்றுவிட்டு அதை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவே ஏரியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில், வீட்டுப் பக்கத்துக் களத்தில் இறக்கினார். சக்கரங்கள் நான்கும் சுழலவில்லை. பத்துப் பேர் சேர்ந்து தரையோடு தரையாக இழுத்துத்தான் புங்க மரத்தடியில் நிறுத்தினார்கள். ஊர் சிரித்தது. உதவாத வண்டியை ஒருவர் வாங்கியதற்காக மட்டும் சிரிக்கவில்லை, வாங்கியவர் யார் என்பதற்காகவும் சிரித்தது.

அப்பா பட்டாளத்தில் ஓட்டுநராக இருந்தவர். மாகறலைச் சேர்ந்த ஏகாம்பரம் என்பவரும் அவரும் ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போய், ஒரே நாளில் சேர்ந்து, ஒரே பிரிவில் ஓட்டுநர்களாக இருந்தார்கள். உறவு கிடையாது. ஆனாலும் மச்சான் என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்களாம். ஏகாம்பரத்தின் மனைவி கஸ்தூரி, அப்பாவை "அண்ணா" என்பாராம். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, வடக்கே ஒரு மலைப் பாதையில், அப்பா ஓட்டிய ஜீப் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் அங்கேயே இறந்துபோனார். அப்பா பாதியிலேயே ஒரு மரத்தில் சிக்கி, இடது கால் உடைந்து பிழைத்தார்.

வண்டியைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர முடியவில்லை. விசாரித்தவர்களுக்கு அப்பா சொன்ன வாய்வார்த்தையைத் தவிர வேறு தடயம் இல்லை. காலையிலிருந்தே வண்டி கனமாக இழுத்தது, யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, பெடல் கல் மாதிரி இறுகியது, கடைசியில் ஒரேயடியாகத் தொப்பென்று உள்ளே போனது என்று அவர் இருந்ததை இருந்தபடி சொல்லியிருக்கிறார். இழுக்கிறது என்று தெரிந்தும் ஏன் ஓட்டினாய் என்று கேட்டார்கள். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நொண்டிக் காலோடு ஊருக்கு வந்தவரை நம்பி அதன்பின் ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. டிராக்டர்கூட. "ஆளச் சாவடிச்சவன் கையில ஸ்டேரிங்க குடுக்கறதா?" என்று அவர் காது படவே பேசினார்கள்.

ஏகாம்பரத்தின் மகள் பூங்கொடியும் நானும் ஒரே வயது. ஆறாம் வகுப்புக்கு உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அவளும் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். என் அப்பா பெயரை வருகைப் பதிவுக்காக ஆசிரியை கேட்டு நான் சொன்ன அந்த நிமிஷத்தில் அவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று சாயங்காலமே, பேருந்துக்கு நிற்கும் இடத்தில், இருபது பிள்ளைகள் பார்க்க, "உங்கப்பன்தான் எங்கப்பன கொன்னான்" என்றாள்.  வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு அடுத்த மாதமே பழைய ஜீப் தேடிச் சென்னைக்குப் போக ஆரம்பித்தார், தை அறுப்பு முடிந்ததும் மாட்டை விற்றார்.

உருண்டுபோன வண்டியும் இதுவும் ஒரே ரகம். எந்த ஒரு பாகம் கெட்டால் வண்டி அப்படி இழுக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால், மாகறலுக்குப் போய்க் கஸ்தூரியிடம் அதைச் சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். "வேற வண்டிய கழட்டிப் பாத்து அந்த வண்டில இன்னா கோளாறுன்னு எப்டியா சொல்லுவ? செத்தவனுக்கு வந்த காய்ச்சல உயிரோட கீறவன் கைய புடிச்சிப் பாத்துச் சொல்லுவியா?" என்றாள் அம்மா. அம்மா சொன்னது எனக்கே சரியாகத்தான் பட்டது. அப்பாவுக்கும் பட்டிருக்கும். ஆனாலும் அவர் செங்கல் அடுக்கி, ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, முதல் சக்கரத்தைக் கழற்றினார்.

அவருடைய சந்தேகமெல்லாம் அச்சின் மேல்தான். விபத்து நடந்த அன்று வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, தன் பக்கத்து முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுட்டதாம். அதனால் அச்சில் சக்கரம் சுழலும் இடத்திலிருக்கும் பேரிங் கெட்டு, சிக்கி, சூடாகி, அந்தச் சூட்டில் பிரேக்கும் போயிருக்கும் என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஆகவே முதலில் அச்சுகளைப் பிரித்தார். பின்னச்சின் நடுவயிற்றிலிருந்த திருகைக் கழற்றியதும் எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த டீ மாதிரி ஒன்று வழிந்தது. எத்தனையோ மழையின் தண்ணீர் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்திருந்தது. முன்னச்சின் இரண்டு முனைகளிலும் உருண்டையான இரும்புக் குமிழ்கள் இருக்கும், அவற்றுக்குள் கிரீஸ் உலர்ந்து கோயில் விளக்கின் பிசுக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. அதைத் தென்னங்குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரு பேரிங் வரவே மாட்டேன் என்றது. மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு, நான்காம் நாள் வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டி, அது கழன்று விழுந்தபோது அப்பாவின் விரல் நகம் ஒன்றும் கூடவே போயிற்று.

மாசி, பங்குனி, சித்திரை இப்படியே போயின. சென்னைக்குப் போய்ப் பழைய கடைகளில் தேடிப் பேரிங்குகளும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களும் வாங்கி வருவார். பாதி பொருந்தாது, திரும்பப் போவார். பிரேக் டிரம்கள் நான்கையும் கோணிப்பையில் கட்டிப் பேருந்தில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய், லேத்தில் சீவிக்கொண்டு வந்தார். சித்திரைக் கடைசியில் அச்சுகள் இரண்டும் புதிதாய்ச் சுழன்றன. ஒரு விரலால் தள்ளினாலே சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. ஊரில் சிரித்தவர்கள்கூட வந்து தள்ளிப் பார்த்தார்கள். அப்பா சந்தோஷப்படவில்லை. கழற்றிய பேரிங்குகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்திருந்தன, தேய்ந்திருந்தன, ஆனால் ஒன்றுகூட வண்டியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குச் சிக்கியிருக்கவில்லை. "ராணி, நீ சொன்னதுதான் சரி. இதுல ஒண்ணும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வழக்கமாகச் சொல்லும் எதையும் சொல்லாமல், சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் வேலையில் இறங்கினாள் என்பதுதான் ஆச்சரியம். மாடும் போய், வண்டியும் உதவாமல் போய், இரண்டுங்கெட்டானாக நிற்க அவளுக்கு மனசில்லை. பிரேக்கையாவது முடித்துவிட்டால் காய்கறி ஏற்றவாவது ஓட்டலாம் என்றாள். பிரேக் வேலையில் கடைசியாக "ஏர் எடுக்கறது" என்று ஒன்று உண்டு. குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது. அதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து அப்பாவின் குரல் வரும். "மிதி. மிதி. மிதி. புடிச்சிக்கோ. உடு." மிதிக்க மிதிக்க, ஓட்டுநரின் காலடியில் தரைத் தகட்டுக்கு அடியிலிருக்கும் சின்னத் தொட்டியில் பிரேக் ஆயில் குறையும். குறையக் குறைய ஊற்றுவது என் வேலை.

மூன்று சக்கரம் முடிந்து நான்காவது பாதியிலிருக்கும்போது என் கையிலிருந்த டப்பா காலியாயிற்று. அப்பா கீழே கிடந்தார், அம்மா மிதித்துக்கொண்டிருந்தாள், தொட்டியின் அடி தெரிந்தது. தொட்டி காய்ந்தால் மறுபடி காற்று ஏறிவிடும், செய்த வேலையெல்லாம் வீண் என்று அப்பா பலமுறை சொல்லியிருந்தார். பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அதிலும் அதே தேன் நிறம். எடுத்து ஊற்றினேன். முக்கால் டம்ளர் இருக்கும். "ஆயில் கீதா பாப்பா?" என்று அப்பா கேட்டார். "ரொம்ப கீது நைனா" என்றேன்.

வேலை நன்றாகவே முடிந்தது. பெடல் கெட்டியாக நின்றது. களத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார், நிறுத்தினால் நின்றது. மூன்றாம் நாள் காலையில், பள்ளிக்கூடம் விடுமுறை, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் கிளம்பினார். எட்டு வருஷம் கழித்து அவர் ஓட்டிய முதல் வண்டி. அம்மா தலையில் பூ வைத்திருந்தாள். ஏரியில் தண்ணீர் வற்றி, நடுவில் ஆடு மேய்ந்தது. எதிரே வந்த ஒருவர் மிதிவண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தார். அப்பா ஒரு கையை எடுத்து அவருக்குச் சலாம் வைத்தார்.

மதகைத் தாண்டியதும் அப்பாவின் முகம் மாறியது. வண்டி முக்கியது. காலை எடுத்தால் உருண்டு ஓட வேண்டிய வண்டி, காலை எடுத்த மாத்திரத்தில் நின்றது. பெடலைத் தொட்டுப் பார்த்தார், அது கீழே போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். முன்சக்கரத்தில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். பிறகு அந்தப் பக்கம் போனார், பின்னால் போனார். ஒவ்வொன்றாய்த் தொட்டார். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இன்னாய்யா?" என்றாள் அம்மா.

"நாலும் சுடுது" என்றார்.

"புது சாமான்தானே, சூடாவும்."

"இல்ல ராணி. அன்னிக்கி இதே மாரிதான் இருந்துச்சு. இதேதான். நான் ஒண்ணுதான் தொட்டுப் பாத்தேன். மழ வருது, கெளம்பு மச்சான்னு ஏகாம்பரம் சொன்னான். மத்த மூணையும் தொடல. ஒரு பேரிங் புடிச்சா ஒரு சக்கரம்தான சுடும்? நாலும் சுடுதே!"

வண்டி ஆறும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு உருட்டி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடியில் படுத்து, நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயைத் தள்ளும் பெரிய சிலிண்டரைக் கழற்றி எடுத்து வந்தார். அதற்குள் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். புதிதாகப் போட்டது. கூட வாங்கிய இன்னொன்று பெட்டியில் இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பியது தன் குழாயிலேயே இறுகி, மிதித்த எண்ணெயைத் திரும்ப விடாமல் நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் இறக்கத்தில் போயிருந்தால், சூட்டில் கிழிந்து பெடல் தொப்பென்று உள்ளே போயிருக்கும்.

"இதுல யாரு இன்னா ஊத்துனது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போய் அந்த இரண்டாவது டப்பாவை எடுத்து வந்து காட்டினேன். என்ஜின் ஆயில். பிரேக் ரப்பருக்கு அது ஆகாது, பட்டால் ஊறி உப்பிவிடும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "எவ்ளோ ஊத்துன பாப்பா? நல்லா யோசிச்சிச் சொல்லு" என்று மூன்று முறை கேட்டார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம்தான் பேசினார்.

"மொத நாளு சாயங்காலம் ஏகாம்பரம் சொன்னான். பிரேக் ஆயில் கொறஞ்சி கெடந்துச்சு மச்சான், நானே ரொப்பிட்டேன்னு. எந்த டின்லேர்ந்து ஊத்துனன்னு நான் கேக்கல. விசாரணைல ஆயில் ஃபுல்லா இருந்துச்சான்னு கேட்டாங்க. ஃபுல்லா இருந்துச்சு சார்னேன்."

 அம்மா அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "எட்டு வருசம். அப்போ நீ பண்ணல. நீ பண்ணல இல்ல?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உப்பிய ரப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கே மாகறல் போவலாம். இதக் காட்டிச் சொல்லலாம். சொல்லிட்டு வந்துடணும்" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பள்ளிக்கூடம் திறந்ததும் பூங்கொடி என்ன முகத்தோடு என்னைப் பார்ப்பாள் என்று நான் விதவிதமாக நினைத்துப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் போகவில்லை. எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, சுத்தமான எண்ணெய் ஊற்றி, மறுபடி காற்று எடுக்க மூன்று வாரமாயிற்று.  ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, "கெளம்புங்க" என்றார்.

மாகறலில் கஸ்தூரியின் வீடு செய்யாற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. நாங்கள் போய் நிற்கும்போது அவர் புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டாளத்துப் பச்சை அங்கங்கே இன்னும் அதில் ஒட்டியிருந்தது. பூங்கொடி கதவோரம் வந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். ஏகாம்பரம் இறந்த ஐந்தாம் மாதம் பிறந்த அவள் தம்பி மட்டும் பயமில்லாமல் ஓடி வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றார் கஸ்தூரி.

"அன்னிக்கி வண்டிக்கு இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிக்கினேன் கஸ்தூரி. அத சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார் அப்பா. அம்மாவின் கை இடுப்புக்குப் போனது.

"சொல்லு."

அப்போது அந்தப் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இந்த மாரி வண்டியத்தான் எங்கப்பா ஓட்டுனாரா? எங்கப்பாவுக்கு வண்டில எல்லா வேலையும் தெரியுமாமே? எந்த வண்டின்னாலும் ரிப்பேர் பண்ணுவாராமே? எங்கம்மா சொல்லிச்சு" என்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, "ஆமாண்டா கண்ணு. எல்லாம் தெரியும் அவனுக்கு" என்றார். கஸ்தூரியின் பக்கம் திரும்பி, "வண்டி இழுத்துச்சு. இழுக்குதுன்னு தெரிஞ்சும் நான் நிறுத்தல. நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு எம்மேலதான்மா" என்றார்.

கஸ்தூரியின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. ஏதோ கையிலிருந்த கடைசிச் சாமானையும் யாரோ வாங்கிக்கொண்டு போன மாதிரி நின்றார். "வண்டிதான் கோளாறுன்னு சொல்லிக்கினு இருந்தியே. எட்டு வருசமா எல்லார்கிட்டயும் அதத்தான சொன்ன?" என்றார்.

"இல்லம்மா. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

"போ" என்றார் அவர். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு, மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பூங்கொடி கதவைச் சாத்தினாள்.

திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். தலைப்பு முடிச்சை அவிழ்த்து, அந்த ரப்பரை எடுத்து, மணலில் போய் விழுகிற மாதிரி வீசினாள். "செத்தவன் மானத்த காப்பாத்திட்ட. உயிரோட கீற நாங்க எங்க போறது? தோ, இவ நாளைக்கி அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான போவணும்?" என்றாள். அப்பா வண்டியைக் கிளப்பினார். வீடு வந்து சேர்ந்து, வண்டியை மரத்தடியில் நிறுத்தி, கீழே இறங்கிய பிறகுதான், "பையன் கேட்டதக் கேட்ட இல்ல?" என்றார். அதற்கு மேல் அவர்கள் இருவரும் இதைப் பற்றி என் எதிரில் பேசிக்கொண்டதில்லை. என்னிடம் மட்டும், "அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் சொல்லக் கூடாது பாப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

பூங்கொடி அதன்பின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆசிரியையிடம் சொல்லி வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள். பத்தாம் வகுப்பு முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மாகறலில் அப்பா சொன்னது, சொன்ன வாரத்திலேயே எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. "அவனே ஒத்துக்கினானாம்" என்றார்கள். அதுவரை அவர் பக்கம் பேசிய இரண்டொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா ஜீப்பை ஓட்டவில்லை. காய்கறியும் ஏற்றவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சுழலவைத்த சக்கரங்கள் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி இறுகிப்போயின. நான் கல்யாணமாகிப் போன வருஷம் ஒருவர் வந்து, அச்சுகள் இரண்டையும் டிராக்டர் பெட்டிக்கு ஆகும் என்று கழற்றிக்கொண்டு போனார். மிச்சத்தை வெட்டி இரும்புக்குப் போட்டார்கள். அப்பா அப்போது வயலில் இருந்தார், வந்து பார்க்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு, இனி யார் தடை என்று எனக்குத் தோன்றியதுண்டு. போன வருஷம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவள்தான். தலை நரைத்திருந்தது. "செல்விதான நீ?" என்றாள். கஸ்தூரி இறந்து ஒரு வருஷமாகிறது என்றாள். என் அப்பாவும் இல்லை என்றேன். இரண்டு பேரும் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று சின்ன வயதில் நான் நினைத்தது இத்தனை வருஷம் கழித்து இப்படி நடந்தது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத" என்றாள் அவள். "உங்கப்பா அன்னிக்கி வராமயே இருந்திருக்கலாம். அதுவரைக்கும் எங்கம்மாவுக்குப் பாதி சந்தேகம். வண்டிதான் கோளாறோ, அந்த அண்ணன் மேல வீணாப் பழிய போடறமோன்னு எங்கிட்டயே சொல்லும். நான் ஸ்கூல்ல உன்ன திட்டுனதுக்குக்கூட ஒரு நாளு என்னை அடிச்சிச்சு. அவரு வந்து ஒத்துக்கினாரு பாரு, அப்பால அது நிம்மதியா தூங்கவேயில்ல. இரும்பு மேல எவ்ளோ நாளு கோவப்பட முடியும்? மனுசன் மேலன்னா சாவற வரைக்கும் படலாம். சாவற வரைக்கும் பட்டுச்சு."

என் வாய் வரைக்கும் வந்தது. முக்கால் டம்ளர், இரண்டாவது டப்பா, உப்பிய ரப்பர், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அந்த நேரத்தில் ஓர் இளைஞன் பழரசப் பாட்டிலோடு வந்து அவள் பக்கத்தில் நின்றான். "எம் பெரிய பையன். தாத்தா பேருதான் வச்சிருக்கோம். பட்டாளத்துக்கு எழுதிப் போட்டுக் கீறான்" என்றாள். அவன் எனக்கு வணக்கம் சொன்னான். நல்லா இரு என்றேன். அவர்களுடைய பேருந்து வந்தது, ஏறிப் போனார்கள்.

இங்கே எழுதும்போதும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்பாவின் பெயரை எழுதவே இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். பெயரில்லாத ஒரு மனிதர் மேல் தப்பில்லை என்று ஊரறியச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கும் தெரியவில்லை. வண்டி இல்லை, அதைப் பிரித்த களத்தில் இப்போது பக்கத்து மனைக்காரரின் சுவர் எழும்பிவிட்டது, கேட்க வேண்டியவரும் இல்லை.

நடந்ததை அறிந்தவர்கள் மூன்று பேர். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். நினைவு தப்பித் தப்பி வருகிறது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறாள். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்து, உங்க வூட்டுக்காரர் எப்படிப்பட்டவர் ஆயா என்று பேச்சுக்குக் கேட்டாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று முகம் தெளிவாக இருந்தது.

"அவரு வண்டியக் கவுத்து ஒருத்தர சாவடிச்சிட்டாரும்மா. அவரு தப்புதான். ஆனா அந்தப் பொம்பள வூட்டுக்கே போயி, எந்தப்புதான்னு ஒத்துக்கினாரு. யாரு ஒத்துக்குவாங்க?" என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. நான் திருத்தவில்லை. இரண்டு பேருக்கும் காப்பி போட உள்ளே போனேன்.